மூன்றாம் ஓலை

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை சாயங்காலம் அன்னக்கிளி பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, பெர்சிஸின் காதில் ஒரு சேதி சொன்னாள் அல்லவா, அங்கிருந்து தொடங்குவோம்.

கிதியோனின் மகள் சுமதிக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோயிற்று. ஏ.எஸ்.ராவ் நகர் மாப்பிள்ளை வீட்டார் போன் போட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சுமதியின் அம்மா ஜெயசுந்தரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுததை, இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் அன்னக்கிளி கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

பெர்சிஸ் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். இரண்டு வருஷமாக அவள் அப்படித் தூங்கியதில்லை.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக அந்த இரண்டு வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பெர்சிஸ் அதைத் தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொள்கிறவள், நமக்கு ஒரு தடவை கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கிதியோனும் பெர்சிஸின் கணவர் கலேபும் கூடப்பிறந்தவர்கள். அவர்களுடைய தாத்தா திருநெல்வேலிச் சீமை நாசரேத்திலிருந்து பட்டாளத்து வேலைக்கு வந்து, ஐதராபாத்தை ஒட்டிய போலாரத்திலேயே தங்கிவிட்டார். மூத்தவர் கிதியோன் சனத்நகர் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், போலாரம் தமிழ்ச் சபையின் காரியதரிசி. இளையவர் கலேப் பள்ளிக்கூட வாத்தியார், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். ஆனால் சபைக் கமிட்டித் தேர்தலில் மட்டும் அவர் அண்ணனுக்கு ஓட்டுப் போடவில்லை. ரகசிய ஓட்டுதான். அண்ணன் கேட்டபோது, ஆமாம், போடவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாதவர்களெல்லாம் ரகசிய ஓட்டுப் போடவே கூடாது.

அந்த வருஷம், அதாவது 2007இல், கலேபின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஸ்டெல்லா மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கம்.

இவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, நியாயமான தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று கேட்பார்கள். கேட்பது முறைக்காக. எழுந்து பதில் சொன்னவர்கள் அந்தச் சபையில் யாரும் கிடையாது.

ஸ்டெல்லாவின் மூன்றாம் ஓலையைப் போதகர் வாசித்தபோது கிதியோன் எழுந்தார். தடை இருக்கிறது என்றார். ஸ்டெல்லா ஒரு தெலுங்குப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சபைக்கு முன்னால் சொன்னார்.

அவர் பார்த்தது, ஸ்டெல்லா கையில் மாலையோடு ஒரு பையன் பக்கத்தில் படியிறங்கியதை. மாலை, அவளோடு வேலை பார்க்கும் அஸ்வினியுடையது. பையன், அஸ்வினி கட்டிக்கொண்ட ஷ்யாம். ஸ்டெல்லா சாட்சிக் கையெழுத்துப் போடப் போனவள். கல்யாணப் பெண் அந்த நேரம் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் எல்லாம் வெளிச்சமாயிற்று. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ரயிலேறிவிட்டார்கள். கிதியோன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, கடமையைத்தான் செய்தேன் என்றார். அதோடும் விடவில்லை. நின்றுபோன ஓலையைச் சபைக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லி, ஸ்டெல்லா உட்கார்ந்திருக்கும்போதே 'நிறுத்தப்பட்டது' என்று வாசித்தார். அதுவரை அப்படியொரு வழக்கமே அங்கே இல்லை. அவர் உண்டாக்கியது.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்துக் கிடையாது. கதை இவ்வளவுதான். இப்போது 2009 ஜூன், ஞாயிற்றுக்கிழமை காலை. சுமதிக்கு மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய நாள்.

போதகர் மாதத்தின் முதல் ஞாயிறுதான் போலாரத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் காரியதரிசியே ஆராதனை நடத்துவார், அவரே ஓலை வாசிப்பார். தான் உண்டாக்கிய வழக்கப்படி, தன் மகளின் ஓலை நின்றுபோனதைத் தன் வாயாலேயே கிதியோன் இன்றைக்கு வாசித்தாக வேண்டும்.

பெர்சிஸ் ஏழு மணிக்கே தயாராகிவிட்டாள். ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்து, ஒரு தரம்கூட உடுத்தாத மாம்பழ நிறப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அதோடு, அன்றைக்கு இரண்டாம் வேதபாடம் வாசிக்க வேண்டியவளுக்குப் போன் போட்டு, உங்களுக்கு முழங்கால் வலியாமே, நான் வாசிக்கிறேன் என்று அந்த முறையையும் வாங்கிக்கொண்டாள். பாடம் வாசிக்கிறவர்களுக்கு முதல் பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் வாசிப்பு மேடையில் நிற்பவர் கண்ணிமைப்பதுகூடத் தெரியும்.

கண்ணாடி முன்னால் நின்ற அம்மாவை ஸ்டெல்லா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நக்கோ மம்மி. அந்தச் சேலை வேணாம்."

ஏன் வேண்டாம் என்று பெர்சிஸ் கேட்டதற்கு ஸ்டெல்லா பதில் சொல்லவில்லை. இந்தப் பெண் எப்போதும் இப்படித்தான், அடித்தவனுக்கும் பரிந்துகொண்டு நிற்பாள் என்று பெர்சிஸ் எண்ணிக்கொண்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கலேபும் தன் பங்குக்குத் தொண்டையைச் செருமினார்.

"சுமதியும் நம்ம பொண்ணுதான பெர்சி."

"அன்னைக்கு நம்ம பொண்ணு யாருக்குப் பொண்ணா இருந்தா?"

கலேப் ஸ்கூட்டர் சாவியைத் தேடப் போய்விட்டார்.

கோயிலில் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். அன்னக்கிளி பாத்திரம் தேய்ப்பது இரண்டு வீட்டில்தான் என்றாலும், சேதிக்குக் கால் உண்டு. மூன்று மாதமாகக் கண்ணில் படாதவர்கள்கூடப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெயசுந்தரி முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூண் ஓரமாக இருந்தாள். சுமதி பாடகர் குழுவில், வெள்ளைச் சேலையில், நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. வராமல் இருந்திருக்கலாம். ஆனால் கிதியோன் வீட்டில், சாவு வந்தாலொழிய ஞாயிறு தப்பக்கூடாது.

பெர்சிஸுக்கு இனித்தது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. முதல் பாட்டு, பாவ அறிக்கை, முதல் பாடம் எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் மனது ஒரே ஒரு வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருந்தது. 'கடமைதான அத்தான்?' ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் நிற்கும்போது, சிரித்த முகத்தோடு, பத்துப் பேர் காதில் விழும்படி அதைக் கேட்க வேண்டும். இரண்டு வருஷமாக எத்தனையோ நீளமான வாக்கியங்களை யோசித்து, வெட்டி வெட்டிக் கடைசியில் இந்த இரண்டு வார்த்தையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

அவள் இரண்டாம் பாடத்தை வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்ன வாசித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறகு கிதியோன் ஓலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஆறடி மனிதர். அறுபத்து மூன்று வயதிலும் கோட்டைக் கழற்றாமல் மேடையேறுகிறவர். முதலில் வேறொரு ஜோடிக்கு முதலாம் ஓலை வாசித்தார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. அதைப் பார்த்துப் பெர்சிஸுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தச் சபையைச் சேர்ந்த கிதியோன், ஜெயசுந்தரி இவர்களுடைய குமாரத்தி சுமதிக்கும்..."

அதற்கு மேல் வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் 'சுமதிக்கும்' என்ற இடத்திலேயே நின்றார். புத்தகத்தின் ஓரம் கிடுகிடுவென்று நடுங்கியது.

இதற்குத்தான் பெர்சிஸ் வந்திருந்தாள். நன்றாக நடுங்கட்டும் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

அப்போது ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சிலிருந்து யாரோ தணிந்த குரலில் கேட்டார்.

"என்ன, தடை இருக்கா?"

இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலும் ஒரு சிரிப்புக் கேட்டது.

பெர்சிஸ் அந்தச் சிரிப்பை அறிவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 'தெலுங்குப் பையன்' என்று கிதியோன் சொன்னபோது இதே பெஞ்சிலிருந்து இதே சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு அவர் பொய் சொல்கிறார் என்று எழுந்து சொல்ல இவர்களில் ஒருவருக்கும் நாக்கு இல்லை. பத்து நாள் கழித்து உண்மை தெரிந்தபோது, பாவம் ஸ்டெல்லா என்று வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள். இன்றைக்குக் கிதியோன் முறை, சிரிக்கிறார்கள். நாளைக்கு வேறு யார் முறையோ, அன்றைக்கும் சிரிப்பார்கள்.

பாடகர் குழுவில் சுமதி தலையைக் குனியவில்லை. கீர்த்தனைப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவும் அன்றைக்குச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்சிஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அதே கோபம்தான், ஆள் மாறிப்போயிற்று. அவள் எழுந்து மேடையை நோக்கி நடந்தாள்.

இரண்டு வருஷக் கணக்கை இவள் இன்றைக்கு மேடையிலேயே தீர்க்கப்போகிறாள் என்று அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கலேப் பாதி எழுந்து நின்றுவிட்டார். கிதியோன் அவள் வருவதைப் பார்த்தார். விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அடி விழும் என்று தெரிந்தவர் போலக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

பெர்சிஸ் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

அவருடைய அழகான கையெழுத்தில் எல்லாம் முறையாக எழுதியிருந்தது. 'மணமகன் வீட்டாரின் விருப்பப்படி இந்த ஓலை நிறுத்தப்பட்டது.' நிறுத்தப்பட்டது என்ற வார்த்தையில் மட்டும் மை கரைந்திருந்தது.

அவள் சத்தமாக, கடைசிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

"சுமதிக்கும், ஏ.எஸ்.ராவ் நகர் ஃபெலிக்ஸுக்கும் நிச்சயிக்கப்பட்ட விவாகத்தின் மூன்றாம் ஓலை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வேறு தேதி பின்னால் அறிவிக்கப்படும்."

கோயிலுக்குள் நின்று பொய் வாசித்தாள். வாசித்துவிட்டு, மீதியிருந்த இரண்டு அறிவிப்புகளையும் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். திரும்பி வரும்போது ஸ்டெல்லாவைத் தேடிப் பார்த்தாள். மகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். ஸ்டெல்லா கண்கொட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஜனம் வாசலில் கூடி நின்றது. கிதியோன் வாசல் பக்கம் வரவில்லை. பெர்சிஸ் புத்தகத்தைக் கொடுப்பதற்காகப் பின்னறைக்குப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவுக்கு மூடி போட முயன்றுகொண்டிருந்தார். மூடி பேனாவில் பொருந்தவில்லை.

அந்த இரண்டு வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. கேட்க ஆளும் இருந்தார். கேட்டிருந்தால் அந்த மனிதர் அங்கேயே உடைந்துபோயிருப்பார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீ தப்பா வாசிச்சிட்ட பெர்சிஸ். ஒத்திவைக்கல. அவங்க வேண்டாம்னே சொல்லிட்டாங்க."

இந்த நிலையிலும் சட்டம் பேசுகிறாரே என்று பெர்சிஸுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களே எந்திச்சு, தடை இருக்குன்னு சொல்லுங்க அத்தான்."

கிதியோன் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகக் கண்ணீர் கோட்டுக் கையில் இறங்கியது. ஸ்டெல்லாகிட்ட நான் என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை.

"அத அவகிட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லாதிய. நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்னும் நெனைக்காதிய."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். வெளியே வந்து கலேபிடம், அண்ணனை ஸ்கூட்டர் ஓட்ட விடாதீர்கள், நீங்களே ஓட்டிக்கொண்டு போய் வீட்டில் விடுங்கள், சாப்பிடுகிறவரைக்கும் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். கலேப் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

மத்தியானம் வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெர்சிஸ் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், ம் என்று மட்டும் பதில் வந்தது. அப்போது பெர்சிஸின் செல்போன் அடித்தது. ஃபெலிக்ஸின் அம்மா, ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து.

கோயிலிலிருந்து யாரோ அவர்களுக்கு உடனே சேதி சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை, குழம்பிப்போயிருந்தார். தாங்கள் நிறுத்தச் சொன்ன ஓலையை ஒத்திவைத்ததாக வாசித்தீர்களாமே என்றார். நிறுத்தியதற்குக் காரணமே உங்கள் மகள்தான் என்றார். ஸ்டெல்லாவுக்குக் கிதியோன் செய்த காரியம் போன வாரம்தான் எங்கள் காதுக்கு வந்தது, சொந்தத் தம்பி மகள்மேல் சபை நடுவில் பழி போட்ட மனிதர் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைத்துக்கொள்வது என்று பயந்துபோனோம் என்றார். ஆனால் இன்றைக்கு நீங்களே எழுந்து அவருக்காக நின்றிருக்கிறீர்கள், அப்படியானால் நாங்கள் கேள்விப்பட்டது பொய்தானா? ஃபெலிக்ஸ் சாப்பிடாமல் கிடக்கிறான். நீங்கள் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஞாயிறே ஓலை வாசிக்கச் சொல்லிவிடுகிறோம்.

பெர்சிஸ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். உண்மையைச் சொன்னால் சுமதியின் கல்யாணம் இன்றோடு முடிந்தது. பொய் என்று சொன்னால், ஸ்டெல்லாவுக்கு நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடும். காலையில் ஒரு வார்த்தையை மாற்றி வாசித்துவிடுவது சுலபமாக இருந்தது. இது அப்படி இல்லை.

"இது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லம்மா. எம்பொண்ணு பக்கத்துலதான் இருக்கா, அவகிட்டயே கேளுங்க" என்று போனை நீட்டினாள்.

ஸ்டெல்லா இடது கையால் வாங்கிக் கேட்டாள். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை.

"ஹவ் ஆன்ட்டி" என்று ஐதராபாத் உருதுவில் ஆமாம் போட்டாள். "புரியுது. போன்ல வேணாம். நான் இப்பவே நேர்ல வாரேன்."

எழுந்து கை கழுவிவிட்டு வந்து, ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். பெர்சிஸ் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"என்ன சொல்லப்போற ஸ்டெல்லா?"

"நடந்ததச் சொல்லுவேன்."

பெரியப்பா இன்றைக்கு அழுதார், உன்னிடம் பேச வேண்டும் என்கிறார் என்று பெர்சிஸ் அவசர அவசரமாகச் சொன்னாள். ஸ்டெல்லா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் கண்ணில் இருந்ததைப் பெர்சிஸ் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், மகள் முகத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"காலைல மேடைக்கு எந்திச்சுப் போனப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா மம்மி? அவர் பொய் சொன்னது என்னப் பத்தி. ரெண்டு வருஷமா எனக்கும் சேத்து நீயே கோவப்பட்டுட்ட. வீட்ல எனக்குக் கோவப்பட எடமே இல்ல. இன்னைக்கு நீ ரிசைன் பண்ணிட்ட. இப்ப என் முறை."

"அப்போ காலைல அந்தச் சேல வேணாம்னியே..."

"அது எங்கல்யாணச் சேல. அவருக்காக எதுக்குக் கட்டணும்?"

ஸ்கூட்டி கேட்டைத் தாண்டித் திரும்பி, கன்டோன்மென்ட் சாலை மரங்களுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. ஏ.எஸ்.ராவ் நகருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

பெர்சிஸ் எச்சில் கையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டுத் தடுப்பதற்கு அந்தப் பெண் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாகக் கிதியோன் விழ வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபித்தவள், அங்கேயே நின்று கண்ணை மூடினாள். ஆண்டவரே, என் மகள் கையிலிருந்து அந்த மனுஷனைக் காப்பாற்றும் என்று கேட்டாள்.